தடையற்ற பொறியியல் அமைப்பு: கரமனையிலிருந்து ஒரு நோக்கு

(கரமனையில் பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கரமனை ஆற்றைக் கடக்கும் இடத்தில், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சிக் காலத்தில் பாலம் ஒன்று கட்டப்பட்டது. மாட்டு வண்டிகள் கடப்பதற்காக எழுந்த பாலம் அது. பாலத்திற்கு ஏறும் சாலையின் சரிவை நிர்ணயிக்கையில், பாரம் ஏற்றிய வண்டியை மாடுகள் நிற்காமல் இழுக்க இயலுமா என்பதைப் பார்ப்பது அக்காலப் பொறியாளர்களின் வழக்கம். சக்கரத்திற்கும் சரிவிற்கும் உள்ள தொடர்பு நம் பொறியியலுக்குப் புதிதன்று. மாட்டிற்காகச் செய்யப்பட்ட இக்கணக்கு, சக்கர நாற்காலியைத் தன் கைகளாலேயே உருட்டிச் செல்லும் மனிதருக்காகச் செய்யப்பட நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் பல இடங்களில் அது செய்யப்படுவதில்லை.

கரமனையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவிற்குள் இத்துறைக்கு வேண்டிய நிறுவனங்கள் பெரும்பாலும் அமைந்துள்ளன. 1979இல் நிறுவப்பட்ட கேரள மாநில ஊனமுற்றோர் நலக் கழகம் பூஜப்புரையில் உள்ளது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் அங்கேதான். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இந்திய இதய வால்வு அப்பிரிவில்தான் உருவாயிற்று. ஜகதியில் செவித்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளியும், வழுதக்காட்டில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளியும் நடைபெறுகின்றன. தெற்கே பாப்பனங்கோட்டில் 1995இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரியும், கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையும் உள்ளன. அறிவு, நிதி, கல்வி, வாகனம் ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன எனலாம்.

ஆயினும் கரமனை அக்கிரகாரத்துத் தெரு வீடு ஒன்றிலிருந்து சக்கர நாற்காலியில் புறப்படும் ஒருவர், பிறர் துணையின்றிப் பூஜப்புரை அலுவலகத்தை அடைந்து, தம் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப இயலுமா? இக்கேள்விக்கு எவரும் தயக்கமின்றி 'இயலும்' என்று விடையளித்துவிட முடியாது. திண்ணையிலிருந்து தெருவிற்கு இறங்கும் படிகள் முதலாவது தடை. வடிகாலின் மேல் சிலாப் பரப்பிய நடைபாதை இரண்டாவது. பேருந்தின் படி மூன்றாவது. அலுவலக வாயில் நான்காவது. இவற்றுள் மூன்றை நீக்கி ஒன்றை விட்டுவைத்தாலும் பயணம் நடவாது. மூன்றிற்குச் செலவிட்ட பணமும் அந்த ஒரு தடையால் முடங்கிக் கிடக்கும். பொருளாதார நோக்கில் இது கருதத்தக்கது. தனித்தனிக் கட்டடங்களுக்கு ஒதுக்கீடு செய்யும் நம் நடைமுறையில் முழுப் பயணம் என்னும் அலகிற்குக் கணக்குத் தலைப்பு ஏதும் இல்லை.

பயனாளிகள் யார்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். இவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 20 சதவீதம். பார்வைக் குறைபாடு உடையோரும் செவிக் குறைபாடு உடையோரும் தலைக்கு ஏறத்தாழ 19 சதவீதம். கேரள அரசு 2015இல் தனியே நடத்திய கணக்கெடுப்பு, மாநிலத்தில் 7.94 லட்சம் மாற்றுத் திறனாளிகள் இருப்பதாகக் கண்டது.

இவ்வெண்களைக் காட்டி, 'இரண்டு சதவீதம் பேருக்காக இவ்வளவு செலவா?' என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் கணக்குப் பிழை இருக்கிறது. 2011இல் கேரள மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 சதவீதம், அகில இந்திய அளவு 8.6 சதவீதம். முழங்கால் வலியுடன் படியேறும் மூதாட்டியும், கர்ப்பிணியும், கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் ஊன்றுகோலுடன் நடக்கும் இளைஞரும், அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்லும் தொழிலாளியும் அதே சாய்தளத்தைத்தான் நாடுகின்றனர். முதியோர் விகிதத்தில் நாட்டிற்கே முன்னோடியாக உள்ள கேரளத்தில் இச்செலவின் பயன் பிற மாநிலங்களைவிட விரைவில் புலப்படும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

சட்டம் வந்த வழி

1981ஆம் ஆண்டைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது, இப்பிரச்சினை பெரிதும் மறுவாழ்வு, உதவித்தொகை என்னும் அளவிலேயே பேசப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் சம வாய்ப்பு என்னும் கருத்தைக் கொணர்ந்தது. ஆனால் சாலைகளிலும் கட்டடங்களிலும் செய்ய வேண்டிய வசதிகளை அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டவையாக அது விட்டுவைத்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் இங்குள்ள அலுவலர்கள் படிக்க வேண்டியது 44ஆம் பிரிவு. அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்திற்குக் கட்டுமான அனுமதி அளிக்கலாகாது. இணங்காத கட்டடத்திற்கு நிறைவுச் சான்றும் அளிக்கலாகாது. இரண்டு இடங்களிலும் கையொப்பமிடுபவர் ஓர் அலுவலர். மாணவர்கள் படிக்க வேண்டியது 47ஆம் பிரிவு. பொறியாளர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் கல்வியில் இப்பொருள் ஓர் அங்கமாக இருத்தல் வேண்டும் என அது பணிக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் சீரமைக்க 45ஆம் பிரிவு கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியிடப்பட்டன. எனவே கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

இதற்கிடையே ஒரு சட்டச் சிக்கலும் எழுந்தது. சட்டம் கட்டாய விதிகளைப் பற்றிப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதியோ பல்வேறு அமைச்சகங்களின் வழிகாட்டி நெறிகளைச் சுட்டிச் சென்றது. வழிகாட்டி நெறி என்பது செய்தால் நன்று என்னும் அறிவுரை. அதை மீறியதற்காக நிறைவுச் சான்றை மறுக்க எந்த அலுவலரும் துணியார். ராஜீவ் ராதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்திற்கு முரணானது எனக் கண்டது. மீறக்கூடாத குறைந்தபட்ச விதிகளைப் பிரித்தெடுத்து மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. 'கட்டாயம்' என்றும் 'பரிந்துரை' என்றும் எழுதுவதில் உள்ள வேறுபாடு ஏட்டளவில் சிறிதாகத் தோன்றலாம். கட்டடம் எழும்பிய பின் அது பத்தடி நீளச் சாய்தளத்தின் வேறுபாடாகிவிடுகிறது.

நீருக்கும் சக்கரத்திற்கும் இடையே

கேரளத்தில் வீடும் அலுவலகமும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டில் இரு பருவ மழைகள், அருகில் ஆறு. கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று கூறும் அடிமட்டத்தை 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை உயர்த்தாவிடில் வெள்ளம் உள்ளே புகும். எனவே படிகளைக் கட்டியவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நீரைத் தடுக்கும் உயரம் சக்கரத்தையும் தடுக்கிறது என்பதே இங்குள்ள உண்மையான பொறியியல் பிரச்சினை.

சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் அளவை மிஞ்சலாகாது என்பது தேசியக் கட்டட நெறித் தொகுப்பு உள்ளிட்ட எல்லா நெறிகளும் ஏற்ற அளவு. ஒரு சென்டிமீட்டர் உயர்வதற்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரத்திற்கு 7.2 மீட்டர், மேலும் கீழும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளங்களைச் சேர்த்தால் 10.2 மீட்டர். நகரத்து மனையில் கட்டடத்தின் முன் விடப்படுவது பெரும்பாலும் மூன்று மீட்டர். அதற்குள் சாய்தளத்தை அடக்க முற்படும் ஒப்பந்தக்காரர் ஒன்றுக்கு ஐந்து என்னும் சரிவில் சிமென்ட் பூசி முடித்துவிடுகிறார். அதில் ஸ்கூட்டர் ஏறும். சக்கர நாற்காலி ஏறாது, ஏற்றினால் பின்னோக்கிச் சாயும். எனினும் மதிப்பீட்டில் 'சாய்தளம் – 1' என்னும் இனம் நிறைவேறியதாகப் பதிவாகிவிடும். நாட்டில் அமைந்த சாய்தளங்களுள் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்று எவரேனும் முழுமையாக அளந்து பார்த்தால் அது பயனுள்ள ஆய்வாக இருக்கும். மாணவர்களே அதைச் செய்யலாம், செலவும் இல்லை.

வரைபடம் தாளில் இருக்கும்போது இதற்குத் தீர்வு எளிது. திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். கரமனையில் நிலம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. ஒரே மனையின் ஒரு பக்கம் மற்றொன்றைவிட அரை மீட்டர் உயர்ந்திருப்பது இங்கு அரிதன்று. வாயிலை உயர்ந்த பக்கத்தில் வைத்தால் சாய்தளமே தேவைப்படாது போகலாம். இடம் நீளமாக இருப்பின் கட்டடத்தின் பக்கவாட்டில் ஒன்றுக்கு இருபது என்னும் மென்சரிவில் நடைவழியை 12 மீட்டருக்கு உயர்த்திச் செல்லலாம். அச்சரிவு சாதாரண நடைவழியாகவே கருதப்படும். எல்லோரும் அதிலேயே நடப்பர். ஊன்றுகோலுடன் வருபவருக்குத் தனி வாயில் என்னும் கூச்சமும் இராது. வாயிலின் முன் குறுக்கு வடிகாலிட்டு, 12 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளியுடைய இரும்புச் சட்டத்தால் மூடினால் மழைநீர் உள்ளே வராது, சக்கரமும் சிக்காது. இவை அனைத்தும் வரைபட நிலையில் சில மணி நேரச் சிந்தனையே. கட்டடம் எழும்பிய பின் இதே வசதியை விரும்பினால் தூக்கியைத்தான் நாட வேண்டும். அதற்கு மின்சாரமும் பராமரிப்பும் ஆளும் வேண்டும்.

சாலையும் பேருந்தும்

கரமனையிலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் சாலை பகுதி பகுதியாக நான்கு தடங்களாக அகலப்படுத்தப்பட்டது. அகலமான சாலை வாகனங்களுக்கு நன்மை. குறுக்கே கடப்பவருக்கோ தூரம் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. நடுவிலுள்ள பிரிப்புத் திட்டில் சக்கர நாற்காலி நின்று இளைப்பாற மட்டமான இடைவெளி இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லாவிடில் அதுவே மதில்.

நடைபாதையின் இடையூறற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012ஆம் ஆண்டு நெறி கூறுகிறது. கேரள நகரங்களில் நடைபாதை என்பது பல இடங்களில் வடிகாலின் மூடியே. தூர் வாருவதற்காகச் சிலாப்புகளை எடுப்பார்கள். திரும்ப வைக்கையில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமையும். இரண்டு சென்டிமீட்டர் மேடு நடப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நாற்காலியின் முன்சக்கரம் அதில் நின்றுவிடும். பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகளும் பதிக்கப்படுகின்றன. அவை நேரே விளக்குக் கம்பத்தில் போய் முடிவதையும் காணலாம். ஓடு பதித்தவர் ஓர் ஒப்பந்தக்காரர், கம்பம் நட்டவர் வேறொருவர். இருவர் பணியும் தனித்தனியே அளந்து ஏற்கப்பட்டிருக்கும்.

பேருந்து இவை எல்லாவற்றினும் கடினமானது. சரக்கு வாகனத்தின் சாசி மீது கூண்டு கட்டப்பட்ட பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருந்தது. பாப்பனங்கோட்டுப் பணிமனையில் கூண்டு கட்டிய தொழிலாளர்கள் திறமைசாலிகள். ஆனால் சாசி வந்து சேரும்போதே தளத்தின் உயரம் முடிவாகிவிட்டது. தடையை நீக்க வேண்டிய இடம் கூண்டு கட்டும் கொட்டகையன்று, சாசியைக் கொள்முதல் செய்யும் ஒப்பந்தப்புள்ளி. 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் உதவியால் திருவனந்தபுரத்திற்கும் கொச்சிக்கும் தாழ்தளப் பேருந்துகள் வந்தபோதுதான், 40 சென்டிமீட்டர் உயரத் தளம் என்பது இங்குள்ளோருக்கு அறிமுகமாயிற்று. சென்னையில் மாற்றுத் திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடிய பின், 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது.

பேருந்து தாழ்ந்தால் மட்டும் போதுமா? 40 சென்டிமீட்டர் தளத்திலிருந்து ஒரு மீட்டர் நீளப் பலகையைச் சாலையில் இறக்கினால் சரிவு ஒன்றுக்கு இரண்டரை. அதே பலகையை 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையின் மீது இறக்கினால் ஒன்றுக்கு நான்கு. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழும் அமைப்பும் இருந்தால் சரிவு இன்னும் குறையும். நடத்துநர் சற்றே கைகொடுத்தால் நாற்காலி ஏறிவிடும். நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்று, பேருந்து நடுச்சாலையில் நிற்க நேர்ந்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண். ஆகவே தாழ்தளப் பேருந்தின் வெற்றி ஓரளவு போக்குவரத்துக் காவலரின் கையிலும் இருக்கிறது.

கருவிகள் கூறும் செய்தி

உதவிக் கருவிகளைப் பொறுத்தவரை இந்தியப் பொறியியல் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் 1960களின் பிற்பகுதியில் உருவான ஜெய்ப்பூர் கால் பலரும் அறிந்தது. அதற்குமுன் கிடைத்த மேனாட்டுச் செயற்கைக் கால் காலணிக்குள் மறைந்திருப்பதற்காக ஆனது. அதை அணிந்தவர் சம்மணமிட்டு உட்கார முடியாது, குந்த முடியாது, வெறுங்காலுடன் வயலில் இறங்க முடியாது. பலர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுக் கட்டைக்கோலையே நாடினர். மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரையும் மரத்தையும் கொண்டு, கணுக்கால் எல்லாத் திசைகளிலும் மடங்கும் காலைப் படைத்தனர். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத சர்மாவின் பங்கை மாணவர்கள் மறவாதிருத்தல் நலம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இலும், 'கதம்' என்னும் செயற்கை முழங்காலை 2022இலும் வெளிக்கொணர்ந்தது. அங்கு உருவான 'நியோபோல்ட்' சக்கர நாற்காலியுடன் இணைந்து, அதை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஓடும் வாகனமாக மாற்றுகிறது. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்', சாதாரண வெள்ளைக் கோலுக்குப் புலப்படாத, முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை ஒலியலையால் உணர்ந்து கைப்பிடியின் அதிர்வால் அறிவிக்கிறது. பயன்படுத்துவோரை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே உடன் வைத்துக்கொண்டதே இவற்றின் வெற்றிக்குக் காரணம். நம் பொதுப்பணி வரைபடங்களில் அவ்வாறு எவரையும் அழைத்துக் கேட்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

பராமரிப்பு என்னும் பொருளும் உண்டு. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலைகளின் அருகே செல்வதற்கென மரப் பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. கடலை அதுவரை தொலைவிலிருந்தே கண்ட பலர் அன்று அருகில் சென்று கண்டனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் முனைப்பகுதியைச் சிதைத்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. புயலைக் குறைகூற இயலாது. ஆனால் கடலோரத்தில் மரப் பாதைக்கான மூலதனச் செலவை ஒதுக்கும்போதே ஆண்டுதோறும் பழுதுபார்ப்பதற்கான தொகையையும் ஒதுக்காத மதிப்பீடு குறையுடையது. அலுவலகங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கெனக் கட்டிய கழிவறை பழைய கோப்புகளை அடுக்கும் அறையாகிப் பூட்டிக் கிடப்பதும் இதே குறையின் மற்றொரு தோற்றம்.

செலவே இல்லாத வேலைகளும் பல உள்ளன. மனுக்கள் பெறும் இடத்தில் எண்ணைக் குரலால் மட்டும் அழைத்தால் ஜகதிப் பள்ளியில் படித்த இளைஞர் தம் முறையைத் தவறவிடுவார். பலகையில் மட்டும் காட்டினால் வழுதக்காட்டுப் பள்ளியில் படித்தவர் தவறவிடுவார். இரண்டையும் செய்வதற்கு நிதித் துறையின் ஒப்புதல் தேவையில்லை. மேசையின் ஒரு பகுதியை 75 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தாழ்த்துவது தச்சருக்கு அரைநாள் வேலை. கழிவறைக் கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றிவைத்தால், உள்ளே விழுந்துவிட்டவரைக் கதவை உடைக்காமல் வெளிக்கொணரலாம்.

கட்டுமானத் தளத்தில் சாய்தளத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கொத்தனாரிடம் உள்ள ரசமட்டமும், 1.2 மீட்டர் நீளமுள்ள நேர்ச்சட்டம் ஒன்றும், ஓர் அளவுகோலும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்புறத்தில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும் வரை மறுமுனையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அம்முனைக்கும் தளத்திற்கும் இடையிலுள்ள உயரம் பத்து சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆனால் சரிவு சரியானது. பத்தை மிஞ்சினால், நிறைவுச் சான்றில் கையொப்பமிடும் முன் அதை இடித்துக் கட்டச் சொல்ல அலுவலருக்கு 44ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.